அந்த ஆறு சின்னக் குப்பிகள்

மசினகுடிப் பக்கமிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் போடவில்லை. நீளமான கடிதம். சுருக்கித் தருகிறேன்.

“என்னிடம் நாலு மாடு. கன்று போட்டு இருபது நாளான செவலைக்கு ஒரு பக்க மடி கல்லாக வீங்கி, காய்ச்சலும் அடித்தது. ஞாயிற்றுக்கிழமை, டாக்டர் கிடைக்கவில்லை. ஊரில் ஊசி போடுகிறவரைக் கூப்பிட்டோம். சின்னக் கண்ணாடிக் குப்பி ஆறு உடைத்து, பெரிய ஊசியில் ஏற்றிப் போட்டார். மாடு அன்று சாயங்காலம் எழுந்து கொஞ்சம் புல் தின்றது. மறுநாளும் ஆறு குப்பி. மூன்றாம் நாள் விடியலில் போய்விட்டது. காட்டோரப் பள்ளத்தில் இழுத்துப் போட்டோம். மதியத்துக்குள் பிணந்தின்னிக் கழுகு முப்பதுக்கு மேல் இறங்கிவிட்டது. வனக்காவலர் ஓடிவந்து என்ன ஊசி போட்டாய் என்று என்னைத்தான் திட்டினார். என் மாடு செத்ததைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. மாட்டுக்குப் போட்ட ஊசி கழுகை எப்படிக் கொல்லும்? நாயும் காக்கையும்கூடத் தின்றன, நன்றாகத்தானே திரிகின்றன? இனி மாட்டுக்குக் காய்ச்சல் வந்தால் என்ன செய்வது? பக்கத்துப் பட்டிக்காரர், கன்றைச் சிறுத்தை அடித்த ஆத்திரத்தில், அடுத்த தடவை செத்த மாட்டில் குருணை மருந்தைத் தூவி வைக்கிறேன் என்கிறார். செய்யலாமா? கடைசியாக, தாயில்லாத கன்றுக்கு என்ன கொடுப்பது?”

அம்மா, முதலில் உங்கள் செவலையைப் பற்றிப் பேசிவிடுவோம், அதைத்தான் யாரும் பேசவில்லை என்கிறீர்கள். ஈன்ற மாட்டுக்கு வரும் மடிநோயில் ஒரு கொடிய வகை உண்டு. மடியில் பெருகிய கிருமியின் நஞ்சு ரத்தத்தில் ஏறிவிட்டால் இரண்டு மூன்று நாளில் மாட்டைக் கொண்டுபோய்விடும். மாட்டு வைத்தியம் பார்க்கிற நானே பக்கத்தில் நின்றும் காப்பாற்ற முடியாமல் போன மாடுகள் இருக்கின்றன. கிருமியை அடக்கும் மருந்து, நரம்பு வழியாகத் திரவம், மணிக்கொரு தரம் கறந்து மடியைக் காலி செய்வது, இவைதான் வைத்தியம். வலி ஊசி துணைக்கு மட்டும். அது காய்ச்சலை இறக்கும், மாடு எழுந்து நிற்கும், நாலு வாய் புல் தின்னும், ஊசி போட்டவருக்கு நல்ல பெயர் கிடைக்கும். உள்ளே நோய் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும். உங்கள் வீட்டில் நடந்தது அதுதான். நீங்கள் கவனிக்காமல் விட்டதால் சாகவில்லை.

இப்போது அந்தக் குப்பிகள். கடிதத்தை இரண்டாம் முறை படித்தபோது அந்த எண்ணிக்கையில்தான் என் கண் நின்றது. மனிதர்களுக்கு மூட்டுவலிக்கும் முதுகுவலிக்கும் போடும் டைக்ளோஃபெனாக் ஊசி 3 மில்லிக் குப்பியில் வரும். ஒரு குப்பியில் 75 மில்லிகிராம் மருந்து. மாட்டுக்கு அந்தக் காலத்தில் நாங்கள் போட்ட கணக்கு, கிலோவுக்கு ஒரு மில்லிகிராம். நானூறு கிலோ மாட்டுக்கு நானூறு மில்லிகிராம் வேண்டும். ஐந்து குப்பி உடைத்தால் கொஞ்சம் குறையும், ஆறு உடைத்தால் சரியாக இருக்கும். குப்பைக்குழியில் அந்தக் கண்ணாடி இன்னும் கிடந்தால் எடுத்து, மேலே அச்சடித்திருக்கும் பெயரை எழுத்துக்கூட்டிப் பாருங்கள். நான் சொன்ன பெயர்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

மருந்து ஏன் இவ்வளவு சின்னக் குப்பியில் வருகிறது தெரியுமா? கழுகுக்காகத்தான். நான் வேலைக்குச் சேர்ந்த தொண்ணூறுகளில் இது 30 மில்லி பாட்டிலில் வந்தது. ரப்பர் மூடியில் ஊசியைக் குத்திப் பாதி உறிஞ்சினால் ஒரு மாட்டுக்கு ஆயிற்று. விலை மலிவு, பலன் சுருக்கு. மடிவீக்கம், கால்வீக்கம், கோமாரிக் காய்ச்சல், கன்று போடத் திணறிய மாடு, எல்லாவற்றுக்கும் அதையே போட்டேன். பைக்கின் பெட்டியில் எப்போதும் இரண்டு பாட்டில் கிடக்கும். ஆகவே ஊசி போட்டவரை மட்டும் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. 2006-ல் கால்நடைக்கான டைக்ளோஃபெனாக்கை நிறுத்தினார்கள். உடனே மனிதருக்கான பெரிய பாட்டில் மாட்டுத் தொழுவத்துக்கு வந்துவிட்டது. 2015-ல் மனிதருக்கான ஊசியும் 3 மில்லிக்கு மேல் ஒரே குப்பியில் வரக்கூடாது என்று மத்திய அரசு உத்தரவு போட்டது. மருந்து நிறுவனங்கள் வழக்குக்குப் போயின. 2017-ல் சென்னை உயர் நீதிமன்றம் அரசு உத்தரவு செல்லும் என்று சொல்லிவிட்டது. ஆறு குப்பி உடைக்க அலுத்துப்போய் ஆட்கள் விட்டுவிடுவார்கள் என்பதுதான் கணக்கு. உங்கள் ஊரில் ஒருவர் அலுக்காமல் உடைத்திருக்கிறார்.

இனி, மாட்டுக்குப் போட்டது கழுகை எப்படிக் கொல்கிறது என்ற கேள்வி. நீங்கள் கழுகு என்று எழுதியிருக்கிறீர்கள், தப்பில்லை. ஆனால் இன்று பருந்திலிருந்து எல்லாவற்றையும் கழுகு என்கிறோம். வழுக்கைத் தலையும் நீண்ட கழுத்துமாக இறந்ததை மட்டுமே தின்னும் இந்தப் பறவைக்குப் பாறு என்று பழைய பெயர் ஒன்று இருக்கிறது. உங்கள் பக்கத்துப் பெரியவர்களுக்குத் தெரிந்திருக்கும். நானும் அப்படியே சொல்கிறேன்.

மாட்டின் உடம்பு டைக்ளோஃபெனாக்கைச் சீக்கிரம் வெளியேற்றிவிடும். ஊசி போட்டு ஒரு வாரம் கழித்துச் செத்த மாட்டால் பாறுக்குக் கெடுதி இல்லை. ஊசி போட்ட இரண்டு மூன்று நாளுக்குள் செத்தால், ஈரலிலும் சிறுநீரகத்திலும் ஊசி ஏறிய சதையிலும் மருந்து அப்படியே நிற்கும். வெண்முதுகுப் பாறு என்ற வகைக்குக் கிலோவுக்கு 0.1 முதல் 0.2 மில்லிகிராம் உள்ளே போனாலே பாதிப் பறவைகள் சாகும். ஐந்து கிலோப் பறவை என்று வையுங்கள், ஒரு மில்லிகிராம் போதும். உங்கள் மாட்டுக்கு ஒரு நாளைக்குப் போட்டது 450.

உள்ளே போன மருந்து பாறின் சிறுநீரகத்தை நிறுத்திவிடுகிறது. பறவைகள் கழிவை யூரிக் அமிலமாகத்தான் வெளியேற்றும். வெளியேற வழியில்லாமல் அது ரத்தத்தில் ஏறி, இதயத்தின் மேலும் ஈரலின் மேலும் வெள்ளையாகப் படியும். அறுத்துப் பார்த்தால் சுண்ணாம்பு அடித்த சுவர் போல இருக்கும். பாறு அங்கேயே செத்து விழாது. வயிறாரத் தின்றுவிட்டுப் பறந்து போய், மரத்தில் உட்கார்ந்து, கழுத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு ஒன்றிரண்டு நாளில் விழும். அதனால்தான் உங்களுக்குத் தெரியவில்லை, எங்களுக்கும் பத்து வருடம் தெரியவில்லை. செத்த பாறுகளின் உடலில் முதலில் வைரஸைத் தேடினார்கள், பூச்சிமருந்தைத் தேடினார்கள். லிண்ட்சே ஓக்ஸ் என்ற அமெரிக்கக் கால்நடை மருத்துவரின் குழு பாகிஸ்தானில் வேலை செய்தபோது கேள்வியைத் திருப்பிப் போட்டது: பாறு தின்பதெல்லாம் மாடு என்றால், மாட்டுக்கு மருத்துவர்கள் என்ன மருந்து கொடுக்கிறார்கள்? மருந்துக் கடைகளில் விசாரித்துத்தான் டைக்ளோஃபெனாக்கைப் பிடித்தார்கள். 2004-ல் அந்த ஆய்வு வந்தது. என் பைக் பெட்டி அப்போது நினைவுக்கு வந்தது.

நாய் சாகவில்லையே என்று கேட்டிருந்தீர்கள். சாகாது. ஒவ்வொரு உயிரின் உடம்பும் ஒரு மருந்தை ஒவ்வொரு விதமாகக் கையாளும். அமெரிக்காவில் பிணம் தின்னும் ஒரு வகைப் பறவைக்கு இதே மருந்தை ஏகமாகக் கொடுத்தும் ஒன்றும் ஆகவில்லை. நம் பாறுகளுக்கு ஆகிறது. நாய் நன்றாக இருக்கிறதே, இறைச்சி சுத்தம்தான் என்று முடிவு கட்ட முடியாது.

ஒரு மாடுதானே என்று தோன்றும். பாறு தனியாகச் சாப்பிடாது. ஒன்று இறங்குவதைத் தொலைவிலிருந்து பார்த்து இன்னொன்று வரும், அதைப் பார்த்து அடுத்தது. முப்பது நாற்பது சேர்ந்தால் ஒரு மாட்டை ஒரு மணி நேரத்தில் எலும்பாக்கிவிடும். ஒரு பாறு மூன்று நாளைக்கு ஒரு தரம் தின்றால் வருடத்துக்கு நூற்றிருபது பந்தி. நூற்றைம்பது மாட்டில் ஒன்று ஊசி போட்டதாக இருந்தாலே, ஒரு வருடம் இரண்டு வருடத்துக்குள் அந்தப் பந்தியில் உட்காராமல் பெரும்பாலான பாறுகள் தப்ப முடியாது. ஆய்வாளர்கள் போட்ட கணக்கும் கிட்டத்தட்ட இதே: நூறு மாட்டில் ஒன்றுக்கும் குறைவாக நஞ்சேறியிருந்தாலே இந்த அழிவு நடந்திருக்கும். 1992-க்கும் 2007-க்கும் நடுவில் இந்தியாவில் வெண்முதுகுப் பாறு ஆயிரத்தில் ஒன்றுதான் மிஞ்சியது. வருடத்துக்கு ஒரே முட்டை இடும் பறவை அது. குஞ்சு வளர்ந்து தானும் முட்டையிட ஐந்து வருடம் பிடிக்கும். போன கணக்கை ஈடுகட்ட அதனால் முடியாது.

மும்பையில் பார்சிகள் இறந்தவர்களைப் பாறுகளுக்கு விடும் வழக்கம் வைத்திருந்தார்கள். பாறு இல்லாமல் போய், வெயிலைக் குவித்து உடலை உலர்த்தும் ஏற்பாட்டுக்குப் போக வேண்டி வந்தது. பாறு போன இடத்தில் செத்த மாடு அழுகிக் கிடந்தது, தெருநாய் பெருகியது, வெறிநோயும் அழுகிய தண்ணீரும் கூடவே வந்தன. இரண்டு பொருளாதார நிபுணர்கள் 2024-ல் வெளியிட்ட கணக்குப்படி 2000 முதல் 2005 வரை மட்டும் இதனால் கூடுதலாக ஐந்து லட்சம் மனிதர்கள் இறந்திருக்கிறார்கள்.

அந்த வனக்காவலர் ஏன் அப்படிக் குதித்தார் என்பது இப்போது புரியும். தென்னிந்தியாவில் பாறுகள் அதிகமாக மிஞ்சியிருக்கிற இடம் உங்கள் மாயாற்றுப் பள்ளத்தாக்குதான். 2023 டிசம்பர் கடைசியில் தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம் மூன்றும் ஒரே நேரத்தில் எண்ணியபோது கிடைத்தது 320. அதில் 217 வெண்முதுகுப் பாறு. அந்தக் கணக்கில் உங்கள் பள்ளத்தில் இறங்கிய முப்பது எவ்வளவு என்று பாருங்கள், பத்தில் ஒரு பங்கு. சிறுவயதில் திருக்கழுக்குன்றத்தில் உச்சிவேளைக்கு இரண்டு மஞ்சள்முகப் பாறுகள் வந்து குருக்கள் கையால் சோறு வாங்கிப் போனதை நான் பார்த்திருக்கிறேன். அவை வராமல் போய்க் கால் நூற்றாண்டுக்கு மேலாகிறது. உங்கள் வீட்டுக் கூரைக்கு மேலே இன்றும் நாலு வகைப் பாறு சுற்றுகிறது.

ஆனாலும் அவர் திட்டியது தப்பு. ஊசியின் பெயரை உங்களிடம் யாரும் சொல்லவில்லை. நீங்கள் எப்படிச் சொல்வீர்கள்?

இனி என்ன செய்வது என்று கேட்டீர்கள். காய்ச்சல், வீக்கம், வலி, எதுவானாலும் யார் வந்து ஊசி எடுத்தாலும் பெயரைக் கேளுங்கள். டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக், கீட்டோபுரோஃபென், நிமெசுலைடு என்று எதைச் சொன்னாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள். அசிக்ளோஃபெனாக் மாட்டின் உடம்புக்குள் போனதும் டைக்ளோஃபெனாக்காகவே மாறிவிடும், பெயர்தான் வேறு. அதையும் கீட்டோபுரோஃபெனையும் கால்நடைக்குப் போடக்கூடாது என்று 2023 ஜூலையில் தடை செய்தார்கள், பிறகு நிமெசுலைடும் அந்தப் பட்டியலில் சேர்ந்தது. பாறுக்குக் கெடுதி இல்லை என்று சோதித்துப் பார்த்த மருந்துகள் இரண்டு: மெலாக்சிகாம், டால்ஃபெனமிக் அமிலம். மெலாக்சிகாம் எந்தக் கால்நடை மருந்துக் கடையிலும் கிடைக்கும், விலையும் இப்போது ஒன்றும் அதிகமில்லை. அது சுருக்காகக் கேட்காது என்று சிலர் சொல்வார்கள். மாடு பதினைந்து நிமிடத்தில் எழுந்து நிற்க வேண்டும் என்பது ஊசி போடுகிறவரின் அவசரம், நோயின் தேவை அல்ல. இந்த ஆறு பெயரையும், வேண்டாதது நாலு, போடலாம் என்பது இரண்டு என்று பிரித்து ஒரு அட்டையில் எழுதித் தொழுவத்துத் தூணில் ஆணியடித்து வையுங்கள். டாக்டர் வந்தாலும் அட்டையைக் காட்டுங்கள். கோபித்துக்கொண்டால் நான் சொன்னேன் என்று சொல்லுங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியமாக நான் நினைப்பது ஒன்று, இதை எங்கள் ஆட்களே அதிகம் பேசுவதில்லை. பிழைக்கிற மாட்டுக்கு எந்த வலி ஊசி போட்டாலும் பாறுக்கு ஒன்றுமில்லை, ஏனென்றால் அந்த மாடு பந்திக்கு வராது. சாகப்போகிற மாட்டுக்குப் போடும் கடைசி ஊசிதான் பாறுகளைக் கொல்கிறது. மாடு படுத்துவிட்டது, வீட்டுக்காரர் மனசு கேட்காமல் “ஏதாவது ஒன்று போடுங்களேன்” என்கிறார், போடுகிறவரும் கையில் இருப்பதைப் போட்டுவிட்டுப் போகிறார். மாட்டுக்குப் பலனில்லை என்று தெரிந்தே போட்ட ஊசிகள் என் கணக்கிலேயே எத்தனையோ. அப்படிப்பட்ட நேரத்தில் மெலாக்சிகாம் மட்டும் போடச் சொல்லுங்கள். அதற்கும் வலி தணியும்.

செத்த பிறகு என்ன செய்வது என்பதும் இதைப் பொறுத்ததுதான். பெயர் தெரியாத ஊசி போட்டு ஒரு வாரத்துக்குள் செத்த மாட்டை வெளியில் போடாதீர்கள். ஓடையிலிருந்து விலகி ஆறடிக் குழி, மேலே சுண்ணாம்பு, மண். வலி ஊசியே போடாத மாடு, அல்லது மெலாக்சிகாம் மட்டும் போட்ட மாடு என்றால் புதைத்து வீணாக்க வேண்டாம், வனச்சரக அலுவலகத்தில் சொல்லிவிட்டுப் பாறுகளுக்கு விடலாம். பாறுகளுக்கு அங்கே தீனியும் குறைந்துகொண்டுதான் வருகிறது. இதற்கு ஒரு விலக்கு உண்டு. நோய் தெரியாமல் திடீரென்று விழுந்து, மூக்கிலும் ஆசனவாயிலும் உறையாத கறுத்த ரத்தம் வந்தால் அது ஆந்த்ராக்ஸ் என்கிற அடைப்பான் நோயாக இருக்கலாம். தோலை உரிக்காதீர்கள், கைவைக்காதீர்கள், கால்நடை மருத்துவமனைக்குச் சொல்லி அனுப்புங்கள்.

போன மாட்டைப் பற்றி இப்போது செய்யக் கூடியது ஒன்றுதான். குப்பியின் பெயர் தெரிந்ததும் அந்தக் காவலரிடமே போய்ச் சொல்லுங்கள். எந்தத் தேதி, எத்தனை குப்பி, மாடு எத்தனை மணிக்குச் செத்தது, எல்லாம். கூட்டுக்கு அடியில் எதாவது விழுந்திருந்தால் எதைத் தேட வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியும். மாயாற்றங்கரை நீர்மருது மரங்களில்தான் வெண்முதுகுப் பாறு கூடு கட்டும், அங்கே பார்க்கச் சொல்லுங்கள். வழியில் செத்த பாறு எதையாவது நீங்கள் கண்டால் தொடாமல் தகவல் மட்டும் கொடுங்கள்.

பட்டிக்காரருக்கு என்ன சொல்வது? கன்று போன கோபம் நியாயம். குருணை மருந்து வைப்பது மட்டும் வேண்டவே வேண்டாம். வயலுக்குப் போடும் அந்தக் குருணை சிறுத்தையைத் தேடிப் போகாது. முதலில் அவர் வீட்டு நாய் தின்னும், பிறகு பாறு, பிறகுதான் சிறுத்தை, அதுவும் வந்தால். அசாமில் சாய்காவ் பக்கம் 2022 மார்ச்சில் யாரோ ஆட்டு உடலில் நஞ்சு வைத்தார்கள். ஒரே நாளில் 97 பாறு செத்தது. உங்கள் மலையிலேயே, எமரால்டு பக்கம், 2023 செப்டம்பரில் நஞ்சு வைத்த மாட்டைத் தின்று இரண்டு புலி இறந்தன, மாட்டுக்காரர் கைதானார். தண்டனை மூன்று வருடத்திலிருந்து ஏழு வருடம். காட்டு விலங்கு அடித்த கால்நடைக்கு வனத்துறை இழப்பீடு தருகிறது. உடலை நகர்த்தாமல், கழுத்தில் பல் பதிந்த இடம் தெரிய நாலைந்து படம் எடுத்து, அன்றைக்கே சொன்னால் கிடைக்கும். தாமதமாகும், இரண்டு மூன்று தரம் நடக்க வேண்டியிருக்கும், மறுக்கவில்லை. மருந்து வைத்த மாட்டுக்கு அந்தப் பேச்சே கிடையாது என்பதையும் அவரிடம் சொல்லிவிடுங்கள்.

கன்றுக்கு வருகிறேன். இருபது நாள் என்றால் சீம்பால் குடித்து முடித்த கன்று, பிழைத்துவிடும். இன்னொரு கறவை இருந்தால் அதில் ஊட்டப் பழக்குங்கள். மாடு உதைத்தால் முதல் இரண்டு நாள் முன்னங்கால் பக்கம் ஒருவர் நின்று தடவிக்கொடுக்கட்டும். ஏற்கவே மாட்டேன் என்றால், கன்றின் எடையில் பத்தில் ஒரு பங்கு பாலை ஒரு நாளைக்கு மூன்று பிரிவாக, உடம்புச் சூட்டுக்கு இளஞ்சூடாக்கி, நிப்பிள் போட்ட பாட்டிலில் கொடுங்கள். பாட்டிலைக் கன்றின் தலைக்குக் கொஞ்சம் மேலே பிடியுங்கள், படுக்க வைத்து ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாயில் போய்விடும். ஒரு மாதம் ஆனதும் இளம்புல்லும் கொஞ்சம் தவிடும் முன்னால் வையுங்கள், தானாக மோந்து பார்க்கும். கழிச்சல் கண்டால் பாலை ஒரு வேளை நிறுத்தி, ஆறிய வெந்நீரில் உப்பும் சர்க்கரையும் கரைத்துக் கொடுத்துவிட்டு, அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள்.